‘ஆகக்கூடும்’: ஒரு சட்டச் சொல்லின் வரலாறு

1882ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. பொதுச்சுமை ஆகாமல் தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத பயணி எவரையும் கரையிறங்க விடலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. அடுத்த ஆண்டே, 1883இல், எம்மா லாசரஸ் என்னும் நியூயார்க் கவிஞர் பதினான்கு அடிகளில் ஒரு கவிதை எழுதினார். சுதந்திரச் சிலைக்குப் பீடம் அமைக்க நிதி திரட்டும் ஏலத்திற்காக எழுதப்பட்ட அக்கவிதை, உலகின் ஏழைகளையும் களைத்தோரையும் அந்நாட்டு வாயிலுக்கு அழைத்தது. சட்டம் எவரை விலக்கியதோ அவரையே கவிதை வரவேற்றது. 1903இல் அக்கவிதை வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டுச் சிலையின் பீடத்திற்குள் வைக்கப்பட்டது. பயணிகள் நம்பிக்கையோடு கப்பலேறினர். இறங்கும் துறையில் சட்டத்தைச் சந்தித்தனர்.

இவ்விரண்டில் கவிதையை உலகம் அறியும். சட்டத்தின் சொல்லை அறிந்தோர் குறைவு. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடிருக்கும் ‘பொதுச்சுமை’ என்ற அச்சொல்லுக்குச் சட்டமன்றம் இன்றுவரை பொருள் வரையறுக்கவில்லை. அதனோடு பின்னர் ஒட்டிக்கொண்ட துணைவினை ஒன்று, சொல்லைக் காட்டிலும் வலிமை பெற்றுவிட்டது. ‘சுமை ஆனவர்’ என்பது நடந்ததைக் குறிக்கும். ‘சுமை ஆகக்கூடியவர்’ என்பது நடவாததைக் குறிக்கும். முன்னதைச் சான்று காட்டி மறுக்கலாம். பின்னதை எதைக் காட்டி மறுப்பது? சொற்களோடு பத்தாண்டுகள் உறவாடிய நம் வட்டத்தினர்க்கு, ஒரு துணைவினை எத்தனை குடும்பங்களின் உணவையும் மருந்தையும் தீர்மானித்தது என்ற வரலாறு அறியத் தக்கதே.

*

இச்சொல்லின் வேர் அமெரிக்காவில் இல்லை. இங்கிலாந்தின் சிற்றூர்களில் உள்ளது. 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், அந்நாட்டில் ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளைத் தானே பேண வேண்டும் என்று விதித்தது. பங்கு என்பது மாதா கோயிலை நடுவாகக் கொண்ட ஊர்ப்பிரிவு. நம் நாட்டுக் கத்தோலிக்கர் இன்றும் வழங்கும் சொல். ஊரார் வரி கொடுத்தனர். கிழவரும் நோயாளியும் அநாதைகளும் அதில் வாழ்ந்தனர். அறம் சட்டமான அரிய நிகழ்ச்சிகளுள் ஒன்று அது. ஆனால் ‘தன் ஏழை’ என்றவுடனே ‘பிறர் ஏழை’ என்ற பிரிவும் தோன்றிவிட்டது. நம் ஊர் வரியில் அயலூரான் உண்ணலாமா என்ற கேள்வி எழுந்தது.

அதற்கு விடையாக 1662இல் குடியிருப்புரிமைச் சட்டம் வந்தது. ஆண்டுக்குப் பத்துப் பவுனுக்குக் குறைந்த வாடகை வீட்டில் குடிபுகும் புதியவர், ஊருக்குச் சுமையாகக்கூடும் என்று தோன்றினால், அவர் வந்த நாற்பது நாளுக்குள் முறையிட்டு முந்தைய ஊருக்கே திருப்பியனுப்பலாம். அவர் ஒரு காசும் கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்கக்கூடும் என்ற ஐயமே போதும். பிள்ளை பிறந்தால் அதன் பொறுப்பு ஊரின்மீது விழும் என்று அஞ்சி, நிறைமாதக் கருவுற்ற பெண்களை எல்லைக்கு அப்பால் கொண்டுவிட்ட செய்திகள் அக்காலப் பங்கேடுகளில் உண்டு.

நூற்று முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தே இதன் கொடுமையை உணர்ந்தது. 1795இல் சட்டம் திருத்தப்பட்டது. உண்மையிலேயே ஊரின் உதவியைப் பெறும் நிலைக்கு வந்தவரையன்றி, வரக்கூடும் என்று கருதப்படுபவரை அகற்றலாகாது என்றது திருத்தம். தொழிலாளர் ஊர்விட்டு ஊர் சென்றாலன்றி ஆலைகள் இயங்கா என்ற பொருளியல் காரணமும் அதில் இருந்தது. காரணம் எதுவாயினும் ‘கூடும்’ என்ற சொல் அங்கே பெரும்பாலும் நீங்கியது. நீங்கிய சொல் கடல் கடந்து வேறு நாட்டில் குடியேறியதுதான் இவ்வரலாற்றின் விந்தை.

*

ஆங்கிலேயக் குடியேற்றங்கள் ஏழையர் சட்டத்தைத் தம்மோடு கொண்டுசென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் தலைவிரித்தாடிய 1840களில், பஞ்சத்துக்குத் தப்பியோர் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் வந்து குவிந்தனர். மாசசூசெட்ஸ் மாநிலம் அறச்சாலைகளில் தங்கியிருந்த ஐரிஷ் ஏழைகளைத் தேடிப்பிடித்து லிவர்பூலுக்குக் கப்பலேற்றியது. நியூயார்க் மாநிலம் ஓரளவு வேறு வழி சென்றது. 1847இல் குடிவரவு ஆணையர் குழு ஒன்றை அமைத்து, பயணிகளிடமிருந்து திரட்டிய தொகையைக் கொண்டே வார்டு தீவில் மருத்துவமனையும் புகலிடமும் நடத்தியது. எம்மா லாசரஸ் உருசியாவிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்தது அந்த வார்டு தீவில்தான்.

பயணிகளுக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு உரிமையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1849இலும் 1876இலும் தீர்ப்பளித்தது. வரி நின்றதால் பணம் நின்றது. மாநிலங்கள் நடுவண் அரசை நாடின. அதன் விளைவே 1882ஆம் ஆண்டுச் சட்டம். அதே ஆண்டு மே மாதத்தில் சீனத் தொழிலாளரை விலக்கும் சட்டமும் வந்திருந்தது.

1882ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இரு கைகள் இருந்தன என்பதை நாம் மறக்கலாகாது. ஒரு கை ஏழையைத் தடுத்தது. மற்றொரு கை கடல்வழி வந்த அயல்நாட்டார் ஒவ்வொருவர்க்கும் ஐம்பது சென்ட் வரி வாங்கி, துன்புறும் குடிவரவாளர்க்கு உதவும் நிதியாக அதை ஆக்கியது. வருவோருள் சிலர் நலிவடைவர். அவர்களைப் பேணுவது கடமை. அதற்குரிய செலவை வருவோர் அனைவரிடமும் சிறிது சிறிதாகத் திரட்டலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. இக்கால நலத்திட்டங்களின் கரு அது எனலாம். தடுத்த கை நாளடைவில் நீண்டது. கொடுத்த கை சுருங்கியது.

1891இல் சட்டம் மாறியது. பேணிக்கொள்ள ‘இயலாதவர்’ என்றிருந்த இடத்தில், பொதுச்சுமை ‘ஆகக்கூடியவர்’ என்று எழுதப்பட்டது. 1795இல் இங்கிலாந்து கைவிட்ட சொல், தொண்ணூற்றாறு ஆண்டுகள் கழித்து அமெரிக்கச் சட்டத்தில் ஏறியது. ஒருவரைப் பார்த்து அவர் நிலையை அறிவது மாறி, ஒருவரைப் பார்த்து அவர் எதிர்காலத்தைச் சொல்வது அதிகாரியின் பணியாயிற்று. சோதிடம் அரசுப் பணியாகிவிட்டது.

*

1892 சனவரி முதல் நாள் எல்லிஸ் தீவுக் குடிவரவு நிலையம் திறக்கப்பட்டது. 1954இல் மூடப்படும்வரை ஒரு கோடியே இருபது இலட்சம் பேர் அதன் வழியே சென்றனர். திருப்பியனுப்பப்பட்டோர் நூற்றுக்கு இருவர் அளவே. அக்காரணங்களுள் முதன்மையானது பொதுச்சுமை விதி. தனியே வந்த பெண்களை, உறவினரான ஆண் ஒருவர் நேரில் வரும்வரையிலோ தந்தி அனுப்பும்வரையிலோ நிறுத்திவைத்தனர். கணவனை இழந்தவர், கருவுற்ற கன்னியர், முதியோர் ஆகியோர்மீது ‘கூடும்’ என்ற சொல் எளிதில் விழுந்தது. 1909இல் ஆணையர் வில்லியம் வில்லியம்ஸ், பயணச்சீட்டு நீங்கலாகக் கையில் இருபத்தைந்து டாலரேனும் இருக்க வேண்டும் என்று அறிவித்தார். சட்டத்தில் அப்படி ஒரு தொகை இல்லை. பொருள் வரையறுக்கப்படாத சொல்லுக்கு அலுவலர் தம் விருப்பப்படி விலை குறிக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

மேற்குக் கரையில் இச்சொல் இந்தியரையும் தொட்டது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 1910இல் திறக்கப்பட்ட ஏஞ்சல் தீவு நிலையத்திற்கு வந்த இந்தியருள் பெரும்பாலோர் பஞ்சாபின் உழவர்கள், உடல்வலிமை மிக்கவர்கள். அவர்களை விலக்க அப்போது நேர்ச்சட்டம் இல்லை. எனவே அதிகாரிகள் புதிய தருக்கம் ஒன்று கண்டனர். ‘இவர்களைக் கண்டு கலிபோர்னிய மக்கள் வெறுப்புக் கொள்கின்றனர், ஆதலின் இவர்களுக்கு வேலை கிடைக்காது, ஆதலின் இவர்கள் பொதுச்சுமை ஆகக்கூடும்.’ வெறுப்பவன் செய்த பிழைக்கு வெறுக்கப்பட்டவன் தண்டம் செலுத்தினான்.

1915இல் இத்தகைய தருக்கத்தை உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஒரேகான் மாநிலத்துப் போர்ட்லாந்து நகருக்குச் செல்லவிருந்த உருசிய நாட்டார் இருவரை, அந்நகரில் வேலை கிடைப்பது அரிது என்று கூறி நியூயார்க்கிலேயே தடுத்திருந்தனர். ஒருவரது சொந்த உடல், உள்ள, பொருள் நிலைகளைக் கொண்டு முடிவு செய்யலாமேயன்றி, ஒரு நகரின் வேலைச்சந்தையைக் காரணம் காட்டித் தடுக்கலாகாது என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். வெற்றி நிலைக்கவில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விதியைப் பட்டியலில் வேறிடத்திற்கு நகர்த்தித் தீர்ப்பைத் தவிர்க்கப் பார்த்தது. அதே சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைவலயமாக்கி இந்தியருக்குக் கதவையே அடைத்தது. அதன்பின் நம் நாட்டவர்க்குத் துணைவினை தேவைப்படவில்லை.

*

1929இல் பொருளியல் வீழ்ச்சி தொடங்கியது. 1930 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஹூவரின் அரசு, வேலையில்லாக் காலத்தில் வருவோர் எவரும் பொதுச்சுமை ஆகக்கூடியவரே என்று கொண்டு விசா வழங்குமாறு தூதரகங்களுக்கு அறிவுறுத்தியது. புதுச்சட்டம் இயற்றாமல், பழைய சொல்லை இறுக்கியதனாலேயே குடிவரவு பெரிதும் சுருங்கியது.

மூன்றாண்டுகளில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். செர்மனிக்கு ஆண்டொன்றுக்கு 25,957 பேர் என ஒதுக்கீடு இருந்தது. 1933இல் வழங்கப்பட்ட விசாக்கள் 1,241 மட்டுமே. காத்திருந்தோர் 82,787 பேர். செர்மானிய அரசு யூதரின் செல்வத்தைப் பறித்தது. செல்வமில்லாதவர் சுமையாகக்கூடும் என்று அமெரிக்கத் தூதரகம் அவரைத் தடுத்தது.

1941 ஏப்ரல் 30ஆம் நாள், ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒருவர் தம் இளமைக்கால நண்பருக்கு மடல் எழுதினார். பிணைத்தொகையாக ஐயாயிரம் டாலர் கட்ட உதவ முடியுமா என்று அதில் கேட்டிருந்தார். எழுதியவர் ஓட்டோ பிராங்க். நாட்குறிப்பால் பின்னர் உலகறிந்த ஆன் பிராங்கின் தந்தை. மடலைப் பெற்ற நேதன் ஸ்ட்ராஸ் அமெரிக்க அரசின் வீட்டுவசதி ஆணையத் தலைவர். ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் துறை அது. பொதுச்சுமை விதி மட்டுமே அக்குடும்பத்தைத் தடுத்தது என்று சொல்வது முறையன்று. அவ்வாண்டு சூனில் விதிகள் மேலும் கடுமையாயின. சூலையில் தூதரகங்கள் மூடப்பட்டன. ஆயினும் எந்நேரமும் கதவு சாத்தப்படலாம் என்ற நிலையில், பிணையும் வங்கிக் கணக்கும் தேடிய மாதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் நாட்டிற்குள்ளும் இச்சொல்லின் நிழல் படர்ந்தது. 1931இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட அரசு, உதவித்தொகை கொடுப்பதைவிடப் பயணச்செலவு கொடுப்பது மலிவு என்று கணக்கிட்டு, மெக்சிக்கக் குடும்பங்களைத் தொடர்வண்டிகளில் ஏற்றி எல்லைக்கு அனுப்பியது. அவ்வண்டிகளில் சென்ற பிள்ளைகளுள் பலர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். 2005இல் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றி இதற்கு மன்னிப்புக் கோரியது. அப்பிள்ளைகளுள் உயிரோடிருந்தோர் அப்போது முதியோராகியிருந்தனர்.

*

இதுவரை சொன்னவை வாயிலின் வரலாறு. இனி வீட்டின் வரலாற்றுக்கு வருவோம்.

1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், 1960களில் உணவு முத்திரைத் திட்டமும் ஏழையர்க்கான மெடிகெய்ட் மருத்துவத் திட்டமும் வந்தன. உதவி என்பது ஊரார் இடும் பிச்சையாக இல்லாமல் சட்டம் தரும் உரிமையாயிற்று. சட்டப்படி குடியேறியவரும் இவ்வுரிமையில் பங்குடையவரா என்ற கேள்வி 1971இல் உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. மெக்சிக்கோவிலிருந்து 1956இல் வந்த கார்மென் ரிச்சர்ட்சன், அரிசோனாவில் வாழ்ந்து, உடல் முற்றிலும் முடங்கிய நிலையில் உதவி கேட்டார். குடிமகளல்லாதார் பதினைந்து ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருந்தாலன்றி உதவி இல்லை என்றது மாநிலம். குடியேறியவரும் வரி செலுத்துகிறார், படைக்கும் அழைக்கப்படுகிறார், அவரை மாநிலம் இவ்வாறு வேறுபடுத்தலாகாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஐந்தாண்டு கழித்து, 1976இல், மற்றொரு வழக்கில் அதே நீதிமன்றம் நடுவண் அரசுக்கு அத்தகைய வேறுபாடு செய்யும் அதிகாரம் உண்டு என்றது. மாநிலம் மூடக்கூடாத கதவை நாடு மூடலாம்.

1996 ஆகஸ்ட் 22ஆம் நாள் அக்கதவு மூடப்பட்டது. குடியரசுத் தலைவர் கிளிண்டன் கையொப்பமிட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், புதிதாகச் சட்டப்படி வருவோருள் பெரும்பாலோர்க்கு முதல் ஐந்தாண்டுகளுக்கு நடுவண் அரசின் உதவிகளை மறுத்தது. முன்னரே வந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கும் உணவு முத்திரையையும், முதியோர்க்கும் ஊனமுற்றோர்க்குமான உதவித்தொகையையும் நிறுத்தியது. அனுமதியின்றி வந்தோர்க்கு இவ்வுதவிகளுள் பெரும்பாலானவை முன்பே இல்லை. ஆகவே வெட்டு விழுந்தது சட்டத்தை மதித்து வந்தவர்மீதே. சட்டத்தால் மிச்சமாகும் என மதிப்பிடப்பட்ட தொகையில் ஐந்தில் இரு பங்குக்கு மேல் குடியேறியோரின் உதவிகளிலிருந்து வந்தது. இப்பகுதி தமக்கு உடன்பாடில்லை என்று சொல்லிக்கொண்டே தலைவர் கையொப்பமிட்டார்.

உதவி இழந்தோருள் ஹ்மாங் இனத்தாரும் இருந்தனர். வியட்நாம் போரின்போது இலாவோசு மலைகளில் அமெரிக்காவின் பொருட்டுப் போரிட்டு நாடிழந்தவர்கள் அவர்கள். குரல் எழுந்தது. 1997இல் முதியோர், ஊனமுற்றோர் உதவி முன்னரே வந்தவர்களுக்கு மீட்கப்பட்டது. 1998இல் பிள்ளைகளுக்கும் முதியோர்க்கும் ஹ்மாங் மக்களுக்கும், 2002இல் மேலும் பலருக்கும் உணவு முத்திரை திரும்பியது. மீட்டெடுத்தவையும் உண்டு என்று பதிவு செய்வது வரலாற்றுக்கு நேர்மை.

ஆனால் மீட்க இயலாத ஒன்று நிகழ்ந்திருந்தது. 1994க்கும் 1997க்கும் இடையில் குடிமக்கள் இல்லங்களில் உதவி பெறுதல் 14 விழுக்காடு குறைந்தது. குடிமகனல்லாதார் இல்லங்களில் 35 விழுக்காடு குறைந்தது என அர்பன் நிறுவனத்தின் ஆய்வு கண்டது. தடைகளுள் பல அப்போது முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. தடை பொருந்தாத அகதிகளும் ஏறத்தாழ அதே அளவு விலகியிருந்தனர். சட்டம் எடுத்தது ஒரு பங்கு. அச்சம் எடுத்தது மறு பங்கு. உதவி வாங்கினால் பசுமை அட்டை கிடைக்காது, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு சமையலறைகளில் பரவியது. இதைக் கண்டே 1999 மே மாதத்தில் குடிவரவுத் துறை ஒரு விளக்கம் வெளியிட்டது. வாழ்வதற்கு முதன்மையாக அரசின் ரொக்க உதவியையோ நீண்டகால நிலையப் பராமரிப்பையோ சார்ந்திருப்பவரே பொதுச்சுமை. உணவு முத்திரையும் மருத்துவ உதவியும் அக்கணக்கில் சேரா என்றது.

இருபது ஆண்டுகள் அவ்விளக்கம் காவலாக நின்றது. 2018இல் அதை மாற்றும் முன்மொழிவு வந்தபோது இரண்டு இலட்சத்து அறுபதாயிரத்திற்கு மேற்பட்ட கருத்துரைகள் அரசுக்குச் சென்றன. 2019 ஆகஸ்டில் புதுவிதி வெளியாயிற்று. முப்பத்தாறு மாதங்களுள் மொத்தம் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் உணவு முத்திரையோ மெடிகெய்டோ வீட்டு உதவியோ பெற்றவர் பொதுச்சுமை என்றது அது. ஒரே மாதத்தில் இரண்டு உதவி பெற்றால் இரண்டு மாதங்களாகக் கணக்கிடப்படும். அந்த நாட்களில் எம்மா லாசரசின் கவிதை பற்றிச் செய்தியாளர் கேட்டபோது, குடியுரிமைத் துறையின் பொறுப்புத் தலைவர் அக்கவிதையின் அடியையே தம் விதிக்கு ஏற்பத் திருத்திச் சொன்னார். நூற்று முப்பத்தாறு ஆண்டுகள் பீடத்தின் கீழும் மேலும் தனித்தனியே வாழ்ந்த கவிதையும் சட்டமும் அன்று நேருக்கு நேர் நின்றன.

அவ்விதி 2020 பிப்ரவரி 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சில வாரங்களில் கொரோனாப் பெருந்தொற்று நாட்டை முடக்கியது. அந்நோய்க்கான சோதனையும் சிகிச்சையும் கணக்கில் கொள்ளப்படா என்று துறை அறிவித்தது. அச்சம் அறிவிப்பைப் படிப்பதில்லை. விதி வருவதற்கு முன்பே, 2018 இறுதியில் எடுத்த கணிப்பில், குடியேறியோர் குடும்பங்களில் வயதுவந்தோர் எழுவரில் ஒருவர், தாமோ தம் குடும்பத்தாரோ அரசு உதவியைத் தவிர்த்ததாகக் கூறியிருந்தனர்.

இனி ஓர் எண்ணை மட்டும் உற்று நோக்குவோம். அவ்விதி நடைமுறையிலிருந்த காலத்தில் உள்நாட்டில் 47,555 விண்ணப்பங்கள் அதன்படி ஆராயப்பட்டன. அவ்விதியை மட்டுமே காரணமாகக் கொண்டு மறுக்கப்பட்டவை மூன்று. மறுக்கும் கருத்தோடு அறிவிப்பு அனுப்பப்பட்டவை இரண்டு. அவ்வைந்தும்கூடப் பின்னர் மீண்டும் ஆராயப்பட்டு ஏற்கப்பட்டன என்று 2022இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே எழுதியது. அயல்நாடுகளிலுள்ள தூதரகங்களில் மறுப்பு பல மடங்கு பெருகியது உண்மை. ஆனால் உள்நாட்டில் அவ்விதி இறுதியாக நிறுத்தியவர் ஒருவருமில்லை. அதற்கு அஞ்சி உணவையும் மருந்தையும் விட்டவர்களோ எண்ணற்றோர். அந்த நாட்டுப் பிள்ளைகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடியேறியவர். அப்பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் பிறப்பால் குடிமக்கள். அவர்கள் பெறும் உதவி பெற்றோரின் கணக்கில் சேராது. இருந்தும் தந்தையின் விண்ணப்பத்திற்காகப் பிள்ளையின் உணவு முத்திரையை விட்ட வீடுகள் இருந்தன.

2021 மார்ச் 9ஆம் நாள் அவ்விதி நீங்கியது. 2022 டிசம்பரில் 1999இன் கருத்தைத் தழுவிய விதி நடைமுறைக்கு வந்தது. 2025 சூலையில் இயற்றப்பட்ட சட்டம் அகதிகள் பலருக்கு உணவு உதவியை நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் 2022இன் விதியை நீக்கும் முன்மொழிவும் வந்தது. சொல் மீண்டும் வரையறையின்றி நிற்கும் நிலைக்கு நகர்ந்தது.

*

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். பொதுப் பணம் எல்லையற்றதன்று. வருவோர் தம் காலில் நிற்க வேண்டும் என எதிர்பார்ப்பது குற்றமன்று. உதவிக்காகவே வருவோர் பெருகினால் உதவித்திட்டமே குலையும். இவை அலட்சியம் செய்யத்தக்க வாதங்கள் அல்ல. 1996இல் வந்த மற்றொரு சட்டம், உறவினரை வரவழைப்பவர் தம் வருவாய் வறுமைக்கோட்டின் 125 விழுக்காடேனும் இருப்பதாகக் காட்டி, பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும் என்றது. பெற்றோரை அமெரிக்காவுக்கு நிலையாக அழைத்துக்கொண்ட தமிழர் பலர் ஐ-864 என்ற அப்படிவத்தில் கையெழுத்திட்டவர்களே. மகன் தாயைப் பேணுவான் என்று எழுதி வாங்குவதில் நம் மரபுக்கு மாறான எதுவுமில்லை.

கேள்வி அதுவன்று. கொடிக்குக் காய் பாரமா என்பது நம் பழமொழி. கொடி காயைச் சுமக்கிறது என்பதை அப்பழமொழி மறுக்கவில்லை. சுமப்பதனாலேயே அது பாரமாகாது என்கிறது. ஒருவர் ஓராண்டு உதவி பெற்று நிமிர்ந்து, முப்பது ஆண்டுகள் உழைத்து வரி கொடுப்பார். அவருடைய வாழ்வில் எந்த நாளை எடுத்து ‘இவர் சுமை’ என்பது? 1662இன் பங்கு அதிகாரியும், 1909இன் தீவு ஆணையரும், 2019இன் விதியும் ஒரு நாளைப் பார்த்தே ஒரு வாழ்வை அளக்க முயன்றனர். ஒருவர் உதவி கேட்டபின் தகுதியை ஆராய்வது ஆட்சி. கேட்கக்கூடும் என்று கருதி அவர் கேட்கும் துணிவையே பறிப்பது வேறு. கேளாத வீட்டில் காய்ச்சல் முற்றிய பிறகே மருத்துவரைத் தேடுவர். அப்போது செலவும் பெரிது, இழப்பும் பெரிது.

1795இல் இங்கிலாந்தின் சட்டமியற்றியோர் கற்றறிந்தது எளிய பாடம். நிகழ்ந்ததைக் கொண்டு ஆராய்க. நிகழக்கூடும் என்பதைக் கொண்டு ஒருவரை அகற்றற்க. அப்பாடத்தைச் சட்டத்தில் சேர்க்கப் புதுக்கொள்கை எதுவும் வேண்டியதில்லை. ஒரு துணைவினையைத் திருத்தினால் போதும். திருத்தும் அதிகாரம் கவிஞர்க்கு இல்லை. சொல்லின் எடை எவ்வளவு, அது எவர் தோளில் இறங்குகிறது என்பதைச் சொல்லும் கடமை உண்டு. வார்டு தீவில் அகதிகளின் நடுவே நின்ற அப்பெண் அதைத்தான் செய்தார். அவர் 1887இல் மறைந்தார். தம் கவிதை பீடத்தில் ஏறியதை அவர் காணவில்லை. அதற்கு எதிரான சொல் இன்னும் சட்டத்தில் இருக்கிறது.